அந்தம்மாவுக்கு மொதல்ல குடுங்க

"இருக்குது, ஆனா தர மாட்டீங்கன்னா, அது இருக்குதுங்களா இல்லீங்களா?"

மருந்துச் சன்னலுக்கு வெளியே நின்று ஒரு சிறுமி ஒரு தடவை இப்படிக் கேட்டாள். அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்காகச் சீட்டோடு வந்தவள், பள்ளிக்கூடப் பையை இன்னும் இறக்கவில்லை. சீட்டில் ஒரு மாதத்துக்கு எழுதியிருந்ததை மோகனப்பிரியா பாதியாக்கிக் கொடுத்தாள். மீதி அலமாரியில் இருந்தது, ஆனால் அது குறைந்தபட்ச இருப்பு. அதற்குக் கீழே போனால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அதைக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லப் போனபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மோகனப்பிரியாவும் சிரித்தாள். அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டிவிட்டாள்.

கருங்காட்டுப்பட்டி அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர் பணியிடம் மூன்று. ஆள் அவள் ஒருத்திதான். காலையில் சன்னலைத் திறந்தால் மத்தியானம் வரைக்கும் கண்ணாடியின் அரைவட்ட ஓட்டை வழியே சீட்டு வரும், மாத்திரை போகும். பிறகு கிடங்குக் கணக்கு, கம்ப்யூட்டரில் பதிவு, வராத மருந்துக்குத் திரும்பத் திரும்ப எழுதும் கோரிக்கை. வீட்டுக்குப் போய்ச் சாமி விளக்கை ஏற்றி முருகனுக்கு முன்னால் நின்றால், வேண்டுதலுக்குப் பதிலாகத் தீர்ந்துபோன மருந்துகளின் பெயர்தான் வாயில் வந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கடைசி ஆளையும் அனுப்பிவிட்டுச் சன்னல் பலகையை இறக்கித் தாழ் போட்டுவிட்டு, மாத்திரைத் தூள் படிந்த விரல்களைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தபோது, வெளியே கடப்பைக்கல் மேடையில் கண்ணாடி வளையல்கள் படுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் நின்று கால் கடுத்துப்போன பெண்கள் உடம்பின் பாரத்தைக் கையில் இறக்கி மேடையில் ஊன்றிக்கொள்ளும்போது வருகிற சத்தம் அது. அவசரமில்லாத, யாரையும் கூப்பிடாத சத்தம்.

அவள் பலகையைத் தூக்கிப் பார்த்தாள்.

தாழ்வாரம் காலியாக இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாசத்துக்கு நடுவே பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. மழைக்கு ஒதுங்கிய நாய் ஒன்று படுத்திருந்தது. கல் மேடையில் மட்டும் ஈரம். உள்ளங்கை அகலத்துக்குச் செம்மண் கலந்த ஈரம். குனிந்தபோது கசக்கிய மரவள்ளித் தழையின் பச்சை வாசம் அடித்தது.

"யாருங்க? சீட்டு இருந்தாக் குடுங்க, தாரேன்" என்றாள்.

நாய் மட்டும் தலையைத் தூக்கிச் சன்னலுக்கு நேர் எதிரே, ஓர் ஆள் நிற்கிற உயரத்துக்குப் பார்த்தது. பிறகு எழுந்து மழைக்குள் போய்விட்டது.

மழைக்கு ஒதுங்கின யாரோ என்று அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். துடைக்கும்போதே மனம் ஆடி மாதத்துக்குப் போய்விட்டது. அங்கே போகக் கூடாது என்றுதான் அவள் தினமும் தன்னை வேலையால் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

ஆடியில் நடந்தது இதுதான். மறுநாள் மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி பாம்புக்கடி மருந்து இருப்பதாகக் காட்டியது; குளிர்பெட்டியில் ஒன்றும் இல்லை. ராத்திரிகளில் அவசரப் பிரிவுக்கு எடுத்துப்போன குப்பிகளை யாரும் பதியவில்லை. உயிரைப் பிடித்து நிறுத்துகிற நேரத்தில் பதிவுக்கு யார் உட்காருவார்கள்? அதில் குற்றம் இல்லை. ஆனால் கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போகாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவள் அவள். அதனால் பக்கத்து ஓடைக்காட்டூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் கந்தவேலிடம் ஒரு நாளைக்குக் கைமாற்று கேட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்குவதுபோல, ஆய்வு நாளில் மருத்துவமனைகள் ஒன்றுக்கொன்று இப்படி வாங்கிக்கொள்வது வழக்கம். யாரும் எழுதிவைப்பதில்லை, சாயங்காலம் திரும்பப் போய்விடும். கந்தவேல் தானே பைக்கில் கொண்டுவந்து கொடுத்தார். பெண் பார்க்க வருகிறபோது பக்கத்து வீட்டு நகையைப் போட்டுக்கொள்கிற மாதிரிதானுங்க இது, என்று சிரித்துவிட்டு டீ குடித்துப் போனார்.

ஆய்வுக்கு வந்தவர்கள் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துப் பாராட்டிய அதே மத்தியானம், ஓடைக்காட்டூரில் மரவள்ளிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த சாலம்மாளின் கையில் பாம்பு கடித்தது. பக்கத்திலிருந்த சுகாதார நிலையத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே மருந்து இல்லை. ஆட்டோவில் கருங்காட்டுப்பட்டிக்குக் கிளம்பினார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் இங்கே வந்து சேர்ந்தபோது டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். மருந்துப் பெட்டி அங்கிருந்து இரண்டு சுவர் தள்ளிக் குளிரில் இருந்தது.

விசாரணையில் கந்தவேல் மோகனப்பிரியாவின் பெயரைச் சொல்லவில்லை. குளிர்பெட்டி பழுதாகி மருந்து கெட்டுவிட்டது, கொட்டிவிட்டேன் என்று தன் தலையில் போட்டுக்கொண்டார். மலை மேலே ஒரு நிலையத்துக்கு அவரை மாற்றினார்கள். போகிற அன்று போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பெட்டியை மட்டும் திருப்பி வெச்சிருங்க. மழை வரப்போவுது."

அவள் வைக்கவில்லை. வைக்க விடவில்லை என்றும் சொல்லலாம். விசாரணை முடியும்வரை ஓடைக்காட்டூர்க் கணக்கில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் கம்ப்யூட்டரில் ஓடைக்காட்டூரில் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது. இருப்பதால் மாவட்டக் கிடங்கிலிருந்து அங்கே புதிதாக வராது. சுற்றிலும் காடும் ஓடையும் பாம்புப் புற்றுமாக இருக்கிற அந்த ஊரில், ஆடியிலிருந்து ஐப்பசி வரை, பாம்பு கடித்தால் போட ஒரு குப்பிகூடக் கிடையாது.

இது தெரிந்தவர் இன்னொருவர், தலைமை மருத்துவர் பாலசுந்தரம். கெட்டவர் அல்ல. ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது, களைத்துப்போயிருந்தார். அவள் மூன்று தடவை போய்க் கேட்டாள். மூன்று தடவையும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். விசாரணை நடக்கிறபோது அங்கே ஒரு பெட்டி முளைத்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், உன் வேலையும் போகும், என் ஓய்வூதியமும் போகும் என்றார். கடைசியில், "நம்ம கணக்கு இன்னைக்குச் சரியா இருக்குதும்மா. சரியா இருக்கறதத் தொடாதீங்க" என்று முடித்துவிட்டார்.

வளையல் சத்தம் கேட்ட மறுநாள் காலை வரிசை மழையால் மெதுவாக நகர்ந்தது. காய்ச்சல் சீட்டுகளே அதிகம். ஒரு நடுவயதுப் பெண் முக்காட்டை உதறிக்கொண்டு சன்னலுக்கு வந்தாள். மோகனப்பிரியா கையை நீட்டினாள். அந்தப் பெண் சீட்டைக் கொடுக்காமல் ஒதுங்கி நின்றாள்.

"எனக்கு அவசரமில்லீங்க. அந்தம்மாவுக்கு மொதல்ல குடுங்க. காலைல இருந்து நிக்கறாங்க, பாவம்."

"எந்தம்மாங்க?"

"இவீங்கதான்" என்று அந்தப் பெண் தனக்கு முன்னால், சன்னலை ஒட்டிக் காட்டினாள்.

அங்கே ஒருவரும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த குடும்பநலச் சுவரொட்டி தெளிவாகத் தெரிந்தது.

மோகனப்பிரியா விழித்ததைப் பார்த்து அந்தப் பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். இப்பத்தான் இருந்தாங்க, கை நோவுதுன்னு மேடையில வெச்சுட்டு நின்னாங்க, எங்க போனாங்களோ, என்று முணுமுணுத்துக்கொண்டு சீட்டை நீட்டினாள். மோகனப்பிரியா மாத்திரையைப் பிரித்து, அந்தப் பெண்ணுக்கு எழுதியிருந்தபடி முழுசாகவே கொடுத்தாள்.

அன்றைக்கு அவள் வரிசையை நன்றாகக் கவனித்தாள். கவனிக்காமலே இருந்திருக்கலாம். நெருக்கியடித்து நிற்கிற ஜனங்கள் சன்னலுக்கு முன்னால் மட்டும் ஓர் ஆள் நிற்கிற இடத்தை விட்டு நின்றார்கள். அவர்களுக்கே அது தெரியவில்லை. பேசிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும், யாரையோ இடிக்காமல் இருப்பதுபோலச் சுற்றிக் கையை வளைத்துச் சீட்டைக் கொடுத்தார்கள். ஒரு கிழவர் கைத்தடியைத் தள்ளி ஊன்றிக்கொண்டு, "கொஞ்சம் நவந்துக்குங்க சாமி" என்று அந்தக் காலி இடத்திடம் சொல்லிவிட்டு மருந்தை வாங்கிப் போனார்.

குளிர்பெட்டியிலும் ஏதோ சரியில்லை. ஓடைக்காட்டூர்ப் பெட்டியை அவள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அடித்தட்டில் இன்சுலின் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தாள். காலையில் திறந்தால் அது முன்னால் இருந்தது. பின்னால் தள்ளினாள். அடுத்த நாள் காலையில் முன்னால் இருந்தது, தட்டின் விளிம்பைத் தாண்டிப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு, எடுத்துக்கொள் என்பதுபோல. அட்டையில் செம்மண் விரல் தடங்கள். கிடங்குச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. மூன்றாவது நாள் அதைத் தள்ளுவதற்குத் தொட்டபோது, சுற்றியிருந்த எல்லாம் சில்லென்றிருக்க, அந்தப் பெட்டி மட்டும் இதமான சூட்டில் இருந்தது. யாரோ வெகுநேரம் மடியில் வைத்திருந்து எழுந்த மாதிரி.

அவள் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் நெற்றியை வைத்து நின்றாள். குளிர்பெட்டியின் மோட்டார் உறுமல் எலும்புக்குள் இறங்கியது. "முருகா" என்றாள்.

வெள்ளிக்கிழமை சின்னண்ணன் வந்தார். சாலம்மாளின் கணவர். ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாமாதம் வருகிறவர். மருந்துப் பெட்டி எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. மழையில் நனைந்த சட்டையோடு, ஒரு பையில் கொஞ்சம் அவரைக்காயும் கொண்டுவந்திருந்தார். காட்டில் காய்த்தது, கூட்டத்துல தனியா நிக்கறீங்க, சமைக்க ஏது நேரம், கையோட நறுக்கியே கொண்டாரலாம்னு பாத்தேன், கத்தி சிக்கல, என்று சொல்லி மேடையில் வைத்தார். வரிசையில் வேறு யாரும் இல்லை.

"மூஞ்சி வாடிக் கெடக்குது அம்மிணி. உங்களுக்கே மருந்து வேணுமாட்ட இருக்குது."

அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்தாள். கத்தரித்துக்கொண்டே, தன் வாய் கேட்பதைத் தானே கேட்டாள். "அன்னைக்கு... அவங்க எதாச்சும் சொன்னாங்களா?"

கேட்டிருக்க வேண்டியதில்லை. அவர் சன்னல் மேடையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

"ரயில்வே கேட்டுக்கிட்ட ஆட்டோ நின்னுபோச்சுங்க. கூட்ஸ் வண்டி, போவுது போவுது, முடியவே மாட்டேங்குது. என்ற மடியிலதான் படுத்திருந்தா. கண்ணத் தொறக்க முடியல. 'மாமா, நமக்கு முன்னால இன்னும் எத்தன பேரு நிக்கறாங்க?'ன்னு கேட்டா. ஆஸ்பத்திரி வரிசைல நிக்கறதா நெனச்சுட்டாளாட்ட இருக்குதுங்க. நானும், ரெண்டே பேருதான் சாமின்னு சொன்னேன்." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேசாகச் சிரித்தார். "அவ எப்பவும் அப்படித்தானுங்க. கைக்கொழந்தக்காரி, வயசானவங்க, எல்லாத்தையும் முன்னால உட்டுட்டுக் கடைசிலதான் நிப்பா. ரேசன் கடைக்கு அவளோட போனா பொழுது எறங்கிரும்."

மருந்தைக் கொடுத்தாள். அவர் கும்பிட்டுவிட்டு, மருந்து இல்லைன்னா அவங்கதான் என்ன பண்ணுவாங்க, யாரையும் நோகறதுக்கில்லை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து போனார். கொஞ்ச தூரம் போனதும் எதற்கோ வலது பக்கம் ஒதுங்கி, கூட ஒருவர் நடப்பதற்கு இடம் விட்டு நடந்தார்.

அவரைக்காய்ப் பையை அவள் தொடவில்லை.

அன்று சாயங்காலம் போன் வந்தது. ஓடைக்காட்டூருக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் சத்யபிரியா. சின்னப் பெண், குரலில் இன்னும் கல்லூரி வாசம் போகவில்லை. அன்றைக்குக் காலையில் ஓடைப் பக்கம் ஒருவரைப் பாம்பு கடித்ததாகவும், நல்லவேளை விஷம் ஏறவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். கம்ப்யூட்டரில் மருந்து இருக்கிறது என்று காட்டுகிறது, குளிர்பெட்டி முழுக்கத் தேடிவிட்டேன், எங்கேயும் இல்லை என்றாள்.

"எங்க வெச்சிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா அக்கா?"

மோகனப்பிரியா போனைக் காதில் வைத்தபடி குளிர்பெட்டியைப் பார்த்தாள். அதன் கதவு திறந்திருந்தது. சாத்தியதாகத்தான் நினைவு. உள் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் ஓடைக்காட்டூர்ப் பெட்டி மேல்தட்டில், முன்னால், தனியாக இருந்தது.

"இன்னொரு தடவ நல்லாப் பாரு சாமி. காலைல பாரு, இருக்கும்" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கருங்காட்டுப்பட்டி, பாம்புக்கடி மருந்து, இருப்பு: இல்லை என்று பதிந்தாள். காரணம் கேட்டது. ஆடி மாதம் ஓடைக்காட்டூரிடம் கைமாற்று வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது, என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். பாலசுந்தரத்தின் முகம் கண்முன் வந்தது. தன் மகளின் கல்லூரிக் கட்டணமும் வந்தது. இல்லை என்று சொன்னால்தான் கிடங்கிலிருந்து வரும். இத்தனை வருஷ வேலையில் அவள் உண்மையாகச் சொன்ன முதல் 'இல்லை' இது என்று தோன்றியது. பொத்தானை அழுத்தினாள்.

மின்சாரம் போனது. மழை இருட்டு அறைக்குள் மெல்ல நிறைந்தது.

தடுப்பூசிக்கு வைத்திருந்த ஐஸ்பெட்டியில் மருந்தை அடுக்கி, ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு கிளம்பினாள். மழை தூறலாக இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடுகள் நனைந்து கறுத்துக் கிடந்தன. தவளைச் சத்தம் சாலையை மூடிக்கொண்டிருந்தது. தூரத்தில் கோழிப்பண்ணை விளக்குகள் மழைக்குள் மஞ்சள் புகையாகத் தெரிந்தன. முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் தூறல் மட்டும் ஓடி வந்து முகத்தில் மோதியது.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

அவள் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினாள். இஞ்சினை அணைத்ததும் தவளைகளும் நின்றுபோயின. கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டிக்குப் பின் பெட்டியாக, இருட்டுக்குப் பின் இருட்டாக, தண்டவாளத்தில் தட்டித் தட்டிப் போய்க்கொண்டே இருந்தது. அப்போது ஸ்கூட்டரின் பின்பக்கம் அழுந்தியது. மெதுவாக. ஒரு பெண் ஒருபக்கமாக ஏறி உட்காரும்போது அழுந்துவதுபோல. மரவள்ளித் தழை வாசம். ஈரச் சேலையின் வாசம். தோளுக்குப் பின்னால் வளையல் ஒன்றோடொன்று உரசியது.

மோகனப்பிரியா கண்ணாடியைப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள்.

பக்கத்தில் பைக்கில் நின்ற ஒருவர் மழைக்கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். பார்க்க நல்ல மனுஷராக இருந்தார்.

"ஏனுங்க, பின்னால இருக்கறவங்கள முந்தானைய எடுத்து மேல போடச் சொல்லுங்க. சக்கரத்துல சிக்கிரும்."

"சரிங்க" என்றாள்.

கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம், தலையைத் திருப்பாமல், மழையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "முந்தானைய மடியில வெச்சுக்குங்க. இன்னும் கொஞ்ச தூரந்தானுங்க."

பின்னால் ஈரத்துணி நகர்கிற சத்தம் கேட்டது.

கேட் திறந்தது. அவள் மெதுவாக ஓட்டினாள். பள்ளம் வந்தபோதெல்லாம், நோவுள்ள ஒருவரை ஏற்றிப் போகிறவர்கள் ஓட்டுவதுபோலச் சுற்றி ஓட்டினாள். ஏன் அப்படி ஓட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. பயத்தில் மனிதர்கள் ஓடுவார்கள். அவளுக்கு ஓடக்கூட முடியாத களைப்பு, அவ்வளவுதான்.

ஓடைக்காட்டூர் சுகாதார நிலையத்திலும் மின்சாரம் இல்லை. வாசலில் வண்டியை நிறுத்தியபோது பின்பாரம் இறங்கியது. உள்ளே, பிரசவ அறையின் கதவிடுக்கில் மட்டும் இன்வெர்ட்டர் வெளிச்சம். ஒரு பெண் வலியில் முனகுவதும், சத்யபிரியா அவளுக்குத் தைரியம் சொல்வதும் கேட்டது. அவர்களைக் கூப்பிடவில்லை. மருந்தறை சும்மா சாத்தியிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் குளிர்பெட்டியைத் திறந்தாள். தட்டுகள் காலி. பெட்டியைக் கொண்டுவந்து நடுத்தட்டில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். ஐஸ் கட்டிகளைச் சுற்றிலும் அடுக்கினாள். மின்சாரம் வரும்வரை தாங்கும். கதவைச் சாத்தி, அது சரியாக மூடியிருக்கிறதா என்று விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள்.

யாரும் பார்க்கவில்லை. முடிந்தது என்று நினைத்தாள்.

அந்த அறையின் மருந்துச் சன்னலுக்கு வெளியே கல் மேடையில் வளையல் பட்டது.

சன்னல் பலகை மூடியிருந்தது. இடுக்கில் இருட்டு. அவள் செல்போனை அணைத்தாள். ஏன் அணைத்தாள்? தெரியவில்லை. பிரசவ அறையில் முனகல் நின்றிருந்தது. மழையும் நின்றிருந்தது. மூச்சு மட்டும். அவளுடையது. அவளுடையது மட்டுமல்ல.

ஓடலாம். கதவு பின்னால்தான் இருக்கிறது.

வரிசையில் ஆள் நிற்கும்போது அவள் ஒருநாளும் சன்னலை மூடிவிட்டுப் போனதில்லை. தாழை நீக்கிப் பலகையைத் தூக்கினாள்.

கை வந்தது. அரைவட்ட ஓட்டை வழியே மெதுவாக வந்து கல்லின்மேல் படுத்தது. முழங்கை வரை வீங்கிய கை. வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. தோல் நீலமாகப் பளபளத்தது. விரல்கள் மூட முடியாமல் விரிந்திருந்தன. கேட்பதற்காக விரித்த கை அல்ல. இறக்கிவைக்க இடமில்லாத கை.

"வந்துருச்சுங்க" என்றாள் மோகனப்பிரியா. குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. "உள்ள வெச்சுட்டேன். இங்கயே இருக்கும்."

கை அசையவில்லை. பிறகு அசைந்தது. பின்னால் போகவில்லை. மேடையின் ஓரத்துக்கு, இடது பக்கமாக, நகர்ந்துகொண்டது.

இடம் விட்டது.

அந்த இடத்தில் இன்னொரு கை வந்தது. ஆணின் கை, மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, மணிக்கட்டில் கோயில் கயிறு. சில்லென்று வந்து கல்லில் படுத்தது. அதுவும் நகர்ந்து இடம் விட்டது. அடுத்தது. மருதாணி போட்டது. அடுத்தது. ஊசிக் குழாய் ஒட்டின பிளாஸ்திரியோடு. அடுத்தது, அவள் கட்டைவிரல் அளவே உள்ளங்கை. யாரும் நெருக்கவில்லை. யாரும் முந்தவில்லை. தாழ்வாரம் முழுக்க, வாசல் முழுக்க, இருட்டில் ரோடு வரைக்கும், பொறுமையாகக் கால் மாற்றி நிற்கிற சத்தம்.

மருந்து கிடைக்காமலே போனவர்களின் கைகள். அவளிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

சன்னலுக்கு முன்னால் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஓரத்திலிருந்த அந்த வீங்கிய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஐஸைவிடக் குளிர்ந்திருந்தது. அன்றைக்குக் கொடுக்க வேண்டியிருந்ததில் இதுவும் ஒன்று என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, மிக மெதுவாக, விரல்கள் அவள் கையைச் சுற்றி மூடின.

மற்றவை மேடையில் காத்திருந்தன.